பதினேழு டீ

ஜூலை 3, வியாழன்

காலையில் ஏழு மாட்டுக்குச் சினை ஊசி. தங்கப்பன் வீட்டுக் கறவைக்கு மடிநோய் முற்றிவிட்டது. மூன்று நாள் முன்னால் ஓட்டி வந்திருந்தால் ஒரு காம்பையாவது காப்பாற்றியிருக்கலாம். "நேரமே இல்லீங்க டாக்டரம்மா" என்கிறார். சீட்டு விளையாட நேரம் இருக்கிறது.

மத்தியானம் மருந்தக வாசலில் கூட்டம். மாடு இல்லை, எல்லாம் வாத்தியார்கள். அடுத்த வாரம் ஊராட்சித் தேர்தல். வெளியூர் வாக்குச்சாவடிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு கொடுத்திருக்கிறார்கள். அதோடு ஓர் உறுதிமொழிப் படிவம். ஓட்டுப் போடுபவர் கெஜட்டட் ஆபீசர் முன்னால் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசர் அதன் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் பச்சைப் பேனா வைத்திருக்கும் ஒரே ஆள் இந்த மாட்டு டாக்டர்தான்.

முத்திரையைக் காணோம். என் உதவியாளர் பிச்சைமுத்து கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு மருந்துப் பெட்டியோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "சீல் இல்லாம செல்லுமா மேடம்?" என்று தமிழாசிரியர் இழுத்தார். "என் கையெழுத்து இந்தத் தாலுகாவுக்கே தெரியும், போங்க சார்" என்றேன். அங்கயற்கண்ணி என்ற எட்டெழுத்துப் பெயரை ஒரே சுழியில் முடித்துவிடுவேன்.

வெயில் கொளுத்தியது. பாவம், நிற்கிறார்களே என்று எதிர்க்கடையில் பதினேழு டீ சொன்னேன். மூன்று மணிக்கு முகாமுக்குக் கிளம்பிவிட்டேன். மொத்தம் இருபத்தெட்டுக் கையெழுத்து. கை வலிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று எழுதக் கூடாது, எழுதவில்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர்தான் பேசப்படுகிறார்கள். ஒருத்தி ரைஸ்மில் குணசேகரனின் மனைவி வனிதா. போஸ்டரில் புருஷன் முகம் பூசணிக்காய் அளவு, அவள் முகம் எலுமிச்சை அளவு. இன்னொருத்தி காலனி செம்பாயி. இருபத்திரண்டு ஆடு வைத்திருந்தாள். போன மழைக்கு முன்னால் மில்லின் நெல் அவித்த தண்ணீர் காலனிக் குட்டையில் இறங்கியது. அதைக் குடித்து ஒரே வாரத்தில் எட்டு ஆடு செத்தன. பிணப் பரிசோதனை செய்தவள் நான்தான். மில்லுக்கு உரிமம் புதுப்பிப்பது ஊராட்சி; அங்கே மனு கொடுத்து மனு கொடுத்துச் செருப்புத் தேய்ந்தது. "மனு குடுக்குறதுக்குப் பதிலா மனு வாங்குற நாக்காலில போய் உக்காந்துர்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

செம்பாயி ஒன்பது ஓட்டில் தோற்றுவிட்டாள்.

இருபத்தெட்டுத் தபால் ஓட்டு எண்ணப்படவே இல்லை. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "சான்றளித்தவர் யார் என்று தெரியவில்லை, பதவி முத்திரை இல்லை" என்று தேர்தல் அலுவலர் தள்ளிவிட்டாராம். தமிழாசிரியர் போனில் சொன்னபோது குரலில் குத்தல் இருந்தது.

பிச்சைமுத்துவைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். "சீலை எதுக்குடா தூக்கிட்டுப் போன?" என்றால், "முகாம் ரிஜிஸ்டர்ல குத்த நீங்கதானம்மா எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க" என்கிறான். சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

பிச்சைமுத்துவுக்கு நாலு இட்லி கட்டிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று வாயால் சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

செம்பாயி வந்தாள். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கேட்டுத்தான் வந்தாள், ஆனால் மருந்து வாங்கிய பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கோர்ட்டுல கேஸ் போட்டுட்டேன் டாக்டரம்மா. அந்த இருபத்தெட்டையும் பிரிச்சு எண்ணச் சொல்லி."

"கேஸு கீஸுன்னு அலைஞ்சா ஆட்டை யாரு மேய்க்கிறது?"

"மேய்ச்சு என்ன பண்ண? தண்ணி காட்ட குட்டைக்குத்தான ஓட்டணும்." மருந்துப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டே, "வக்கீலு உங்களையும் சாட்சி போடுவாராம். அது உங்க கையெழுத்துதான்னு சொன்னாப் போதுமாம். சொல்லுவீங்கல்ல?" என்றாள்.

"என் கையெழுத்தை நான் இல்லேன்னா சொல்லப் போறேன்?"

அவள் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடு பிடிக்காது.

நவம்பர் 24, திங்கள்

மாவட்ட நீதிமன்றத்திலிருந்து சம்மன். டிசம்பர் 11.

சம்மன் கைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, மேலதிகாரி போன். "மேடம், பிப்ரவரி இருபத்தெட்டு ரிட்டயர்மென்ட் உங்களுக்கு. இந்த நேரத்துல கோர்ட்டு வாசப்படி எல்லாம்… பாத்துப் பேசுங்க" என்றார். முப்பத்து மூன்று வருஷமாகப் பார்த்துப் பேசாதவளிடம் இப்போது வந்து சொல்கிறார்.

கன்று ஈனும் கேஸ் ஒன்று. கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. ஒன்றரை மணி நேரம் போராடி உயிரோடு எடுத்தோம். நாள் முழுக்க நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் 4, வியாழன்

குணசேகரன் தன் ராஜபாளையத்தை வெறிநாய் ஊசிக்குக் கூட்டிவந்தார். நாய் நல்ல நாய்.

"எல்லாரும் உங்க முன்னாடியா கையெழுத்துப் போட்டாங்க மேடம்? சும்மா கேட்டேன்" என்றார். "ரிட்டயர் ஆகுற கடைசி நாள்ல சஸ்பெண்ட் பண்ணி உக்கார வைக்கிறாங்களாம் இப்பல்லாம். நம்ம மாமா பையன் கால்நடை ஆபீஸ்லதான் இருக்கான். கஷ்டமா இருக்கும்ல?"

"நாய்க்கு ரெண்டு நாள் குளிப்பாட்டாதீங்க" என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பர் 6, சனி

செம்பாயியின் வக்கீல் அருளப்பன் வந்தார். மெலிந்த ஆள், பேச்சு மட்டும் கனம். நான் தினமும் டைரி எழுதுவது பிச்சைமுத்து வழியாக அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை வாய்.

"ஜூலை மூணாம் தேதி எழுதியிருக்கீங்களா மேடம்?"

படித்துக் காட்டினேன். 'இருபத்தெட்டுக் கையெழுத்து' என்ற வரியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "போதும் மேடம், இதைச் சான்றாவணமா வச்சிரலாம். அன்னிக்கே எழுதினது, யாரும் அசைக்க முடியாது. எல்லாரும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாங்க, சீல் மட்டும் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில கேட்டா 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை."

டீ வரியை அவர் கவனிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டு வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகும். இன்று எழுதுவதையும் அங்கே படிப்பார்கள். படிக்கட்டும்.

காலையிலிருந்து எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் டீ குடிப்பார்களா என்ன? சிலருக்கு ஆகாது, சிலர் காபி. இப்படியே பதினொரு பேருக்குக் காரணம் தேடினேன். ஐந்தாவது ஆளுக்கு மேல் கற்பனை ஓடவில்லை.

நடந்தது இதுதான். அன்று காலை ஒன்பது மணிக்கு அங்கன்வாடி டீச்சர் சகாயமேரி வந்தாள். "மேடம், அங்கன்வாடி, சத்துணவு ஆளுங்க நாங்க பதினொரு பேரு இருக்கோம். பிள்ளைங்கள விட்டுட்டு ஒண்ணா வர முடியாது. ரெண்டு ரெண்டு பேரா வரவா?" என்று கேட்டாள். முறையாகத்தான் கேட்டாள். நான்தான் சொன்னேன்: "ரெண்டு ரெண்டா வந்து என் உசிரை வாங்காதீங்க. படிவத்தைக் கட்டா வாங்கிட்டு வா, போட்டுத் தர்றேன்." அவள் தயங்கினாள். "அட போம்மா, நானாச்சு" என்றேன்.

கட்டு வந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றிப் பதினொன்றிலும் சுழித்துக் கொடுத்தேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. ஊரில் சாதிச் சான்றிதழ் நகல், மார்க் ஷீட் என்று எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுப்பேன். 'டாக்டரம்மா தங்கமானவங்க, கேள்வியே கேக்க மாட்டாங்க' என்பார்கள். எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

டீ சொன்னது வந்து நின்ற பதினேழு பேருக்கு. அன்றைக்கு டைரியில் கட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை? தெரியாமல் விடவில்லை. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

டிசம்பர் 10, புதன்

சகாயமேரியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று அங்கன்வாடி வரை நடந்தேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எங்க ஓட்டுக்காகப் பேசப் போறீங்க, ரொம்ப நன்றி மேடம்" என்றாள். தெருவில் மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாச்சா என்று ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

டைரி கோர்ட்டில் இருக்கிறது. இது பிச்சைமுத்துவின் பழைய தீவனக் கணக்கு நோட்டு. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

நேற்று பதினொன்றரைக்குக் கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். அருளப்பன் கேட்டார், இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். ஏன் முத்திரை இல்லை? முகாமுக்குப் போயிருந்தது, தவறு என்னுடையது. அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். "இருபத்தெட்டுப் பேரும் உங்க முன்னிலையில கையெழுத்துப் போட்டாங்களா?"

கடைசி வரிசையில் செம்பாயி இருந்தாள். அவள் பக்கத்தில் சகாயமேரி. அருளப்பன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "பதினேழு பேர். பதினொண்ணைப் பார்க்காமப் போட்டேன். அவங்க வர்றோம்னுதான் சொன்னாங்க. நான்தான் வராதேன்னேன். டைரியில எழுதியிருக்கேன்." எடுத்து நீட்டினேன்.

வக்கீல் கையிலிருந்த தாளை மெதுவாகப் பைக்குள் வைத்தார். அது என்ன என்று பிறகு தெரிந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி சின்னப்பொண்ணு. ஜூலை மூன்றாம் தேதி பகல் முழுக்க மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கான சீட்டு அது. நான் 'ஆமா' என்றிருந்தால் அந்தச் சீட்டு மொத்தத்தையும் சாய்த்திருக்கும். ஆனால் எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்து சொன்னேன் என்று யாரும் பெருமைப்படுத்த வேண்டாம்.

நீதிபதி, நடுவயதுப் பெண்மணி, கேட்டார்: "ஐந்து மாசம் ஆச்சு. எந்தப் பதினேழுன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா?"

இருபத்தெட்டுப் படிவத்தையும் என் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பேர் படித்து எடுத்து வைத்தேன். தமிழாசிரியர், செவலைப் பசு, வயிறு உப்புசம். பி.டி. மாஸ்டர், நாட்டு நாய், காதில் புண். கணக்கு டீச்சர், இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்காத கிடாரி. அன்று வரிசையில் நின்று ஒவ்வொருவரும் தன் வீட்டு வாயில்லா ஜீவனைப் பற்றி இலவச ஆலோசனை கேட்டார்கள், அதனால் ஞாபகம்.

"மாட்டை வச்சுத்தான் ஆளை ஞாபகம் வச்சிருக்கீங்களா?" என்றார் நீதிபதி. கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் மிஞ்சிக் கிடந்த பதினொரு படிவத்துக்கு என்னிடம் ஒரு மாடும் இல்லை.

வெளியே வந்தபோது சகாயமேரி என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போனாள். கூப்பிட்டேன். கேட்காத மாதிரி நடந்தாள்.

ஜனவரி 5, திங்கள்

அங்கன்வாடிப் பக்கமே போகவில்லை. சுற்றுப்பாதையில் போகிறேன். பெட்ரோல் செலவு என் பாவக் கணக்கில்.

ஜனவரி 22, வியாழன்

தீர்ப்பு. முத்திரை விட்டுப் போனது அலுவலரின் பிழை; நேரில் வந்து கையெழுத்திட்ட பதினேழு பேரின் ஓட்டை எண்ண வேண்டும். சான்றளித்தவர் முன்னிலையில் கையெழுத்திடாத பதினொன்று செல்லாது.

அங்கேயே பிரித்து எண்ணினார்கள். செம்பாயிக்குப் பன்னிரண்டு. வனிதாவுக்கு நான்கு. ஒன்றில் யாரோ ஒரு படித்த மேதை இரண்டு சின்னத்திலும் டிக் அடித்து வைத்திருந்தார், அது செல்லாது.

ஒன்பதில் எட்டு போனால் ஒன்று. செம்பாயி ஒரு ஓட்டில் தோற்றாள்.

பதினொரு உறையையும் பிரிக்காமலே துணிப்பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அரக்குக்கு மேல் முத்திரை அழகாகக் குத்தினார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

செம்பாயி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். இன்று ஆட்டுக்கு மருந்து கேட்கவில்லை.

"ஒரே ஒரு 'ஆமா'. அதச் சொல்ல வாய் வரலயா டாக்டரம்மா?"

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்றேன்.

"சரி, அதை விடுங்க" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன்னீங்க. சந்தோசம். ஆனா அந்தப் பதினொரு பேரு போட்ட கையெழுத்து பொய்யா? அவங்க குத்துன ஓட்டு பொய்யா? பொய்யின்னா நீங்க போட்ட சுழிதான் பொய்யி. நீங்க பண்ணுன பொய்யிக்கு அவங்க ஓட்டு எதுக்குச் சாவணும்?"

ஐம்பத்தொன்பது வயதில் என்னை யாரும் இப்படி நிற்க வைத்ததில்லை. நிறுத்தியது நியாயம். அவள் போன பிறகு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பிச்சைமுத்து பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜனவரி 27, செவ்வாய்

அருளப்பன் அலுவலகத்துக்குப் போனேன். "இந்தக் கிறுக்கி வாக்குமூலம் கொடுத்துக் கேஸைக் கெடுத்தான்னு திட்டிக்கங்க, அப்புறம் நான் சொல்றதக் கேளுங்க" என்று செம்பாயி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் சொன்னது இது?"

"செம்பாயி."

"மேல்முறையீட்டுக்கு இதான் மேடம் பாயின்ட். அதிகாரி செஞ்ச பிழைக்கு வாக்காளர் ஓட்டை இழக்கலாமா?" பேனாவை மறுபடி எடுத்தார். "பதினொரு பேரும் 'இது என் கையெழுத்து, என் ஓட்டு'ன்னு பிரமாணப் பத்திரம் தரணும். நீங்களும் ஒண்ணு தரணும், வரவேணாம்னு தடுத்தது நீங்கதான்னு. தந்தா உங்க ஆபீஸ் விடாது."

"விடலேன்னா என்ன, மாடா முட்டப் போகுது" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பயமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மாலை நாலே முக்காலுக்குக் கவர் வந்தது. பதினேழு-பி குறிப்பாணை, பெரிய தண்டனைக்கு இலாகா அனுப்பும் ஓலை. வாக்காளர் நேரில் வராமலேயே சான்றளித்த குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம். நாளை ஓய்வுபெற அனுமதி இல்லை.

படித்துப் பார்த்தேன். குற்றச்சாட்டு சரிதான். இந்த இலாகா எனக்கு முப்பத்து மூன்று வருஷமாக அனுப்பிய தாள்களில் பிழையே இல்லாத தாள் இது ஒன்றுதான்.

பிச்சைமுத்து நாளைக்கென்று ஒரு மாலையும் சால்வையும் வாங்கி வைத்திருந்தான். மாலையை வாசலில் ஊசிக்கு நின்ற செவலைக் கன்றுக்குப் போட்டுவிடச் சொன்னேன். முத்திரையையும் பச்சைப் பேனாவையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அவனிடம் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

டவுனில் நோட்டரி அலுவலகம். பிரமாணப் பத்திரம் தர இன்றுதான் நாள். செம்பாயி மேல்முறையீட்டு வேலையாக வக்கீலோடு மதுரை போயிருந்தாள். யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துக் கொடுத்தே கெட்டவர்கள் மறுபடி ஒரு தாளில் கையெழுத்துப் போட எதற்கு வர வேண்டும்?

பத்தேகாலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. சகாயமேரி முதலில் இறங்கினாள். அடுத்து சின்னப்பொண்ணு, இடுப்பில் பேரப்பிள்ளை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று. பிள்ளைகளை அடுப்பு வேலை ஆயாக்கள் பார்த்துக்கொள்ள, எல்லாரும் லீவு போட்டு வந்திருக்கிறார்கள்.

சகாயமேரி என்னிடம் வந்து நின்றாள். டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர்.

"கட்டா குடுத்து அனுப்பிறலாமான்னு ஒருத்தி கேட்டா மேடம்" என்றாள். "செருப்பு பிஞ்சிரும்னேன்."

"மன்னிச்சிரும்மா" என்றேன். வாயால் சொன்னேன். சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நோட்டரி ஒரு கிழவர், ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆதாரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்கதான? படிச்சீங்களா? என் எதிர்ல போடுங்க." ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம். முத்திரையை மைப்பட்டையில் அழுத்தி, தாளில் அழுத்தி, ஊதிக் காயவைத்தார். எனக்கு வாய் வரை வந்தது, 'சீக்கிரம் ஆகட்டுமே சார்' என்று. விழுங்கிவிட்டேன்.

நானும் வரிசையில் நின்றேன், பன்னிரண்டாவதாக. கையில் இரண்டு தாள், ஒரு நீலப் பேனா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணுவின் பேரன் அழ ஆரம்பித்தான், யாரோ வாங்கிச் சமாதானப்படுத்தினார்கள். ஒருத்தியும் வரிசையைவிட்டு நகரவில்லை.

பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, "பதினொரு டீ" என்றேன்.

சகாயமேரி திரும்பி வரிசையை ஒரு முறை பார்த்தாள், கடைசியில் நின்ற என்னையும் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், "பன்னெண்டாப் போடுங்கண்ணே. மேடமும் எங்களோடதான் நிக்கிறாங்க" என்றாள்.